ரொட்டிக்குப் பெயர் உயிர்!

கெய்ரோவில் இறங்கிய அரை மணி நேரத்தில் நான் இன்ஜினீயர் ஆகிவிட்டேன்.

நிஜத்தில் நான் பி.காம். அதுவும் தட்டுத் தடுமாறி. விமான நிலையத்துக்கு வெளியே ஒரு டாக்ஸி டிரைவர் ஓடி வந்து, ‘யா பாஷ்முஹந்திஸ்!’ என்றபடி என் பெட்டியைப் பிடுங்கினார். ‘இன்ஜினீயர் ஸார்!’ என்று அர்த்தமாம். ஓட்டல் வாசலில் போர்ட்டர் ‘யா டாக்டர்’ என்றான். டீக்கடையில் ‘யா பாஷா’. எகிப்தில் யாரையும் வெறுமனே கூப்பிடுவதில்லை; கையோடு ஒரு பட்டமும் கொடுத்துவிடுகிறார்கள். என் அப்பா மட்டும் இதைக் கேட்டிருந்தால், ஒரு பைசா கேபிடேஷன் இல்லாமல் பையன் இன்ஜினீயர் ஆனதற்குக் கண் கலங்கியிருப்பார்.

டிரைவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொஞ்சம் தொந்தி, நிறைய சிரிப்பு. வாடகை என்ன என்று கேட்டேன். “நீங்கள் விருந்தாளி. எதுவுமே வேண்டாம்” என்றார். உடனே நம்பிவிடாதீர்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அடுத்த வாக்கியத்தில் தொகை வந்தது. மீட்டரைக் காட்டினேன். அது வேலை செய்யவில்லையாம். சென்னையில் ஆட்டோ ஏறிப் பழகியவனுக்கு இதெல்லாம் தாய்வீட்டுச் சீதனம். முப்பது பவுண்டு, இருபது பவுண்டு என்று இருவரும் பத்து நிமிஷம் ஆவேசமாகப் பேரம் பேசி, கடைசியில் நான் ஜெயித்தேன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கெய்ரோவில் ரோட்டைக் கடப்பது ஒரு தனிக் கலை. சிக்னலை நம்பினால் அங்கேயே மம்மி ஆகிவிட வேண்டியதுதான். ஒரு கிழவி பின்னால் ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தேன். நடுரோட்டில் ஒரு பையன் தலையில் கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், அதன் மேல் நூறு ரொட்டி, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து மறு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே மீன் மாதிரி போகிறான். ஒரு ரொட்டிகூடக் கீழே விழவில்லை.

விழுந்தது என்னுடையதுதான்.

தெருவோரக் கடையில் காலைப் பலகாரம். ‘ஃபூல்’ என்று ஒன்று தருகிறார்கள். பெயரைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ராத்திரி முழுக்கப் பெரிய பானையில் மெதுவாக வெந்த மொச்சை மாதிரியான பயறு. கூட ‘தஅமெய்யா’ - உள்ளே பச்சையாக இருக்கும் நம்மூர் மசால் வடை. தொட்டுக்கொள்ள, இல்லை, அள்ளிக்கொள்ள ரொட்டி. தவிடு ஒட்டிய, வட்டமான, பூரி மாதிரி உப்பிய ரொட்டி. நின்றுகொண்டே சாப்பிட்டதில் பாதி ரொட்டி கை நழுவித் தரையில் விழுந்தது. ‘போகட்டும்’ என்று நகர்ந்தேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் குனிந்தார். அந்தத் துண்டை எடுத்துத் தூசி தட்டினார். முத்தமிட்டார். நெற்றியில் ஒற்றிக்கொண்டார். யார் காலும் படாமல் மதில் மேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தன் தட்டுக்குத் திரும்பினார். என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. சோற்றுப் பருக்கையை மிதித்ததற்கு என் பாட்டி வைத்த குட்டு, முப்பது வருஷம் கழித்துக் கெய்ரோவில் வலித்தது.

டிரைவர் அப்புறம் விளக்கினார். மற்ற அரபு நாடுகளில் பெரும்பாலும் ரொட்டிக்கு ‘குப்ஸ்’ என்று பெயர். எகிப்தில் ‘ஐஷ்’. ஐஷ் என்றால் வாழ்வு, உயிர். கடையில் போய் “நாலு உயிர் கொடுப்பா” என்று கேட்கிற ஜனங்கள்.

எமன் ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது.

ஏற இலவசம்!

பிரமிடு பார்க்காமல் வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் மறுநாள் கிஸா. பெரிய பிரமிடு கூஃபு மன்னருக்காகச் சுமார் 4,500 வருஷத்துக்கு முன் கட்டியது. ஏறத்தாழ 23 லட்சம் கற்கள். அப்போது உயரம் 146 மீட்டர். இப்போது உச்சி உதிர்ந்து 138 சொச்சம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்ட நேரத்தில் ஓர் ஒட்டகக்காரர் வந்தார். “ஏறுங்கள், காசே வேண்டாம், யா பாஷா!”

ஏறினேன். ஒட்டகம் எழுந்தது. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால். நடுவில் என் உயிர் தொண்டை வரை வந்து திரும்பியது. ஒரு சுற்றுச் சுற்றினோம். “இறக்கிவிடப்பா” என்றேன். “ஏறத்தான் இலவசம். இறங்கக் காசு” என்றார் மரியாதையாக. பத்தடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பேரம் பேசுவது கஷ்டம். வணிகவியலில் ‘பேர வலிமை’ என்று ஒரு பாடம் படித்திருக்கிறேன். அதன் முழு அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

பிரமிடைக் கட்டியவர்கள் சாட்டையடி பட்ட அடிமைகள் என்றுதானே சினிமாவில் பார்த்திருக்கிறோம்? அது தப்பு. 1990-இல் ஒரு குதிரை மண்சுவரில் கால் இடறியதில் பிரமிடுத் தொழிலாளர்களின் கல்லறைகளே வெளிப்பட்டன. ராஜாவின் பிரமிடு நிழலில் அடிமைக்கு யார் கல்லறை கட்டுவார்கள்? அவர்கள் வாழ்ந்த ஊரையும் பக்கத்திலேயே தோண்டினார்கள். ரொட்டி சுடும் கூடங்கள் கிடைத்தன. மாட்டு எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கற்களில் வேலைக் கோஷ்டிகளின் பெயர்களையும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று ‘கூஃபுவின் நண்பர்கள்’. அடுத்த பிரமிடொன்றில் ‘மென்கவுரேயின் குடிகாரர்கள்’. நம்மூரில் ரசிகர் மன்றத்துக்கு வைக்கிற மாதிரி!

எனக்கு இதைவிடச் சந்தோஷம் தந்தது வேறொன்று. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழசு. என்ன எழுதியிருக்கிறது? காதல் கடிதமா, கடவுள் துதியா? இல்லை. மெரெர் என்ற மேஸ்திரி, பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிய தினசரிக் குறிப்பு. கூடவே ஆட்களுக்கு வந்த தானியக் கணக்கு! உலகின் பழைய ஏடு பேரேடுதான் என்று தெரிந்ததும், பி.காம். படித்ததற்காக வாழ்க்கையில் முதல் தடவையாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகம் பிரமிடுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நுழைந்ததும் பதினோரு மீட்டர் உயரத்தில் இரண்டாம் ராம்சேஸ். 2006 வரை ஐம்பது வருஷம் கெய்ரோ ரயில்வே ஸ்டேஷன் எதிரே புகை குடித்துக்கொண்டு நின்றவர், இப்போது நிம்மதியாக நிற்கிறார். துட்டன்காமுனின் புதையல் 1922-இல் கிடைத்த பிறகு முதல் முறையாக மொத்தமும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள், ஒரே இடத்தில். தங்க முகமூடி முன்னால் திருப்பதிக் கூட்டம்.

நான் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பறவை, சிங்கம், கண் என்று படம் போட்ட எழுத்து. அதில் ‘த’ சத்தத்துக்கு ஒரு சின்ன அரைவட்டம். அது என்ன தெரியுமா? ரொட்டி! காணிக்கை என்று எழுதப் பாய் மேல் வைத்த ஒரு ரொட்டி. செத்தவர்களுக்குக் கல்லறைச் சுவரில் எழுதும் வேண்டுதலிலும் முதலில் கேட்பது ரொட்டியும் பீரும். சொர்க்கமே ஆனாலும் வயிறு வயிறுதானே!

தேள் கொட்டியது, லீவு வேண்டும்

ராத்திரி ரயில் பிடித்து லக்ஸர். நைலின் மேற்குக் கரையில் ராஜாக்களின் பள்ளத்தாக்கு. அங்கே கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்கள் குடியிருந்த ஊர் டேர் எல்-மதீனா. இப்போது இடுப்பளவுச் சுவர்கள்தான். ஒவ்வொரு வீடும் நம்மூர் ஹவுஸிங் போர்டு அளவு. நின்று பார்த்தால் அடுக்களை எது, திண்ணை எது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கால ஆபீஸ் ரெஜிஸ்தர் ஒன்று, கல் சில்லில் எழுதியது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆட்சியாண்டு. யார் யார் என்றைக்கு ஏன் வேலைக்கு வரவில்லை என்ற பட்டியல். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண் வலி. ஒருவர் அம்மாவின் உடலைத் துணி சுற்றப் போனார். ஒருவர் பீர் காய்ச்ச வேண்டியிருந்தது! ஒளிவுமறைவில்லாமல் காரணம் எழுதிய ஊழியர்களை அதற்குப் பிறகு உலகம் கண்டதில்லை. நாமெல்லாம் ஒரே பாட்டியை நாலு தடவை சாகடித்தவர்கள்.

சம்பளம்? நாணயம் என்பதே கிடையாது. ஆளுக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1150-களில், அந்தச் சம்பளம் வரவில்லை. நாள் ஓடிற்று. ஒருநாள் அத்தனை பேரும் கருவிகளைக் கீழே போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வந்து, ஒரு கோயிலின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். ‘பசிக்கிறது. துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை. ராஜாவுக்குச் சொல்லுங்கள்.’ இதுதான் கோரிக்கை. அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள். அசையவில்லை. கடைசியில் பாக்கித் தானியம் வந்தது. எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இது என்கிறார்கள். அந்தப் பாப்பிரஸ் இத்தாலியில் டுரின் நகரில் இருக்கிறது.

கடவுளின் பிள்ளை என்று கும்பிட்ட ராஜாவாக இருந்தாலும், ரொட்டி வரவில்லை என்றால் உட்கார்ந்துவிடுவோம். மூவாயிரம் வருஷம் முன்னால்!

அதற்கப்புறம் எகிப்துக்கு வந்து போனவர்கள் பட்டியல் நீளம். கிரேக்கர், ரோமர், 641-இல் அரபுகள், 1517-இல் துருக்கியர், 1798-இல் நெப்போலியன், 1882-இல் ஆங்கிலேயர். எல்லோரும் இந்த வயலைப் பார்த்துத்தான் வந்தார்கள். ரோமாபுரிக்கே சோறு போட்டது எகிப்துக் கோதுமை. (அந்தக் காலத்தில் நம்மவர்களும் வந்திருக்கிறார்கள். செங்கடல் கரையில் குஸைர் பக்கம் கிடைத்த பானை ஓட்டில் ‘பானை ஒறி’ என்று தமிழ்-பிராமியில் எழுதியிருக்கிறது. பெரெனிகே கோயிலில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு, ஒரே ஜாடியில். அதற்கும் முன்னால், இரண்டாம் ராம்சேஸின் மம்மி மூக்கில் அடைத்து வைத்திருந்ததும் மிளகுதான். ரசம் வைக்கத் தெரியாத ஜனங்கள். பாவம், மூக்கில் வைத்தார்கள்.)

ராஜாக்கள் போனார்கள், மொழி மாறியது, மதம் மாறியது. ஆனால் அடியில் ஏதோ மாறவேயில்லை. காப்டிக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தில் ஓதும் மொழி, பழைய எகிப்திய மொழியின் பேத்தி. அதை வைத்துத்தான் ஷாம்போலியன் 1822-இல் பட எழுத்தின் பூட்டைத் திறந்தார். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ‘ஷம் அல்-நஸீம்’ என்று ஒரு வசந்தப் பண்டிகை. முஸ்லிம், கிறிஸ்தவர் வித்தியாசமில்லை. நம் காணும் பொங்கல் மாதிரி குடும்பத்தோடு பூங்காவுக்கும் ஆற்றங்கரைக்கும் போய்விடுகிறார்கள். கையில் வெங்காயம், ‘ஃபஸீக்’ என்ற உப்பிட்டு ஊறவைத்த மீன். அதன் வாசனை நம்மூர்க் கருவாட்டை அத்தர் ஆக்கிவிடும்!

ஆறு கட்டிய வரி

கெய்ரோ திரும்பியதும் அதே டிரைவர். ரோடா தீவில் நைல் அளவுமானியைப் பார்க்க வேண்டும் என்றேன். “அங்கே டூரிஸ்டுகள் அதிகம் போவதில்லையே” என்று ஆச்சரியப்பட்டார். 861-இல் கட்டியது. கிணறு மாதிரி ஆழம், நடுவில் முழக் கோடுகள் போட்ட சலவைக்கல் தூண். வெள்ளக் காலத்தில் தண்ணீர் பதினாறு முழத்தைத் தொட்டால் ஊரே கொண்டாடும். குறைந்தால் பஞ்சம், ரொம்ப ஏறினால் அழிவு. அந்த அளவைப் பார்த்துத்தான் அந்த வருஷத்து வரி. குடியானவன் பொய்க்கணக்கு எழுதவே முடியாது. அவன் சார்பில் ஆறே ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடும்.

1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வெள்ளமும் வருவதில்லை, வண்டலும் வருவதில்லை. மின்சாரம் வந்தது; ஜனத்தொகை பத்துக் கோடியைத் தாண்டியது. ரோமுக்குப் படியளந்த நாடு, இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. அதில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2022-இல் அந்த இரண்டும் மோதிக்கொண்டதும் அதிர்ச்சி கெய்ரோ அடுப்பில் தெரிந்தது.

வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபடி டீ குடித்தோம். டாக்ஸி ரேடியோவில் உம் குல்தூம். 1975-இல் போய்விட்டார், எகிப்து இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி, நம் வித்வான்கள் நிரவல் செய்கிற மாதிரி பாடுகிறார். பேச்சுவாக்கில் சொன்னேன்: “நான் இன்ஜினீயர் இல்லை. காமர்ஸ் படித்தவன்.”

டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “காமர்ஸா? குல்லிய்யத் திகாரா? நானும்தான்!”

நம்பவில்லை. “டபுள் என்ட்ரியின் விதி என்ன?” என்றேன். “பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு” என்றார் டக்கென்று. இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம். அன்றிலிருந்து நான் ‘பாஷ்முஹந்திஸ்’ இல்லை. ‘யா ஸமீலி’. சகாவே, வகுப்புத் தோழனே என்று அர்த்தம். பட்டம் போனது, எனக்கு அதில் வருத்தமில்லை.

நாஸர் காலத்தில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். 1964-லிருந்து பட்டதாரிக்கு அரசு வேலை நிச்சயம். அவருடைய அப்பாவுக்கு அப்படிக் கிடைத்தது. ஆயுள் முழுக்க ஒரே மேஜை, கடைசியில் பென்ஷன். பிறகு பட்டதாரிகள் பெருகினார்கள். வேலைக்கான வரிசை வருஷக்கணக்கில் நீண்டது. இவர் முறை வரும்போது வரிசையே இல்லை. கணக்கு எழுத வேண்டிய கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது.

“ஐஷ் பற்றிக் கேட்டீர்களே, கணக்காகவே சொல்கிறேன்” என்றார். 1977 ஜனவரியில் சாதாத் அரசு மானியத்தைக் குறைப்பதாக அறிவித்தது. இரண்டே நாள். அலெக்சாண்டிரியாவிலிருந்து அஸ்வான் வரை ஊரெல்லாம் பற்றி எரிந்தது, பலர் செத்தார்கள், அறிவிப்பு வாபஸ். அதற்கப்புறம் ரொட்டி விலையைத் தொட அரசுகள் தயங்கின. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு ரொட்டி ஐந்து பியாஸ்டர். விலை ஏறவில்லை, ரொட்டிதான் இளைத்துக்கொண்டே வந்தது. 2011-இல் தஹ்ரீர் சதுக்கத்தில் முபாரக்கை எதிர்த்துக் கூடிய ஜனங்களின் கோஷத்தில் சுதந்திரம் இரண்டாவது வார்த்தை. முதல் வார்த்தை ஐஷ்.

2024 ஜூனில் விலை இருபது பியாஸ்டர் ஆனது. கார்டில் பெயர் உள்ளவர்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு ஐந்து ரொட்டி. சுமார் ஏழு கோடிப் பேர் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர் வீட்டில் நாலு பேர், இருபது ரொட்டி. மாதம் முப்பது பவுண்டாக இருந்தது நூற்றிருபது.

மனசுக்குள் நானும் கூட்டிப் பார்த்தேன். மாதத்துக்குத் தொண்ணூறு பவுண்டுதானே அதிகம் என்று வாய்வரை வந்தது. அவரே தொடர்ந்தார். “தொண்ணூறு பெரிய தொகையா என்று கேட்பீர்கள். 2022 ஆரம்பத்தில் ஒரு டாலருக்குப் பதினாறு பவுண்டு. 2024 மார்ச்சில் ஐம்பது. எண்ணெய், பால், பள்ளிக்கூட பீஸ், பெட்ரோல் எல்லாம் ஓடிவிட்டது, யா ஸமீலி. நகராமல் நின்றது ஐஷ் ஒன்றுதான். அதுவும் நகர்ந்தபோது, எங்கள் வீட்டுச் சுவரே நகர்ந்த மாதிரி இருந்தது.”

முதல் நாள் இருபது பவுண்டுக்குப் பத்து நிமிஷம் மல்லுக்கட்டினேனே, அது ஞாபகம் வந்தது. இருபது பவுண்டு எனக்கு ஒரு டீ. அவருக்கு ஐந்து நாள் ரொட்டி.

ஊர் திரும்பும் நாள். விமான நிலையம் போகிற வழியில், “ஐந்து நிமிஷம்” என்று வண்டியை ஒரு ரொட்டிக் கடை ஓரம் நிறுத்தினார். இரும்புக் கம்பி ஜன்னல், முன்னால் வரிசை. கார்டைக் கொடுத்தார்; சின்ன மெஷினில் தேய்த்தார்கள்; சூடாக இருபது ரொட்டி விழுந்தது. அதைக் காரின் பானெட் மேல் பரப்பி விசிறி ஆற வைத்தார். ஆறாமல் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு இரண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றி என் கையில் வைத்தார்.

“விமானத்தில் கொடுப்பது ரொட்டியே இல்லை. இதைச் சாப்பிடுங்கள்.”

பர்ஸைத் திறந்தேன். அவர் முகம் மாறியது. பத்து நாளில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. “டாக்ஸிக்குக் கொடுங்கள். பேரம்கூடப் பேசுங்கள். ஐஷுக்குக் காசு நீட்டாதீர்கள்.”

டாக்ஸிக்கு அவர் கேட்டதைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் தோன்றியது.

விமானத்தில் பேப்பரைப் பிரித்தேன். இருபதில் இரண்டு போக மீதி பதினெட்டு. நாலு பேருக்கு ஐந்தைந்து. ஆக அன்று ராத்திரி யாரோ இரண்டு பேருக்கு ஒவ்வொன்று குறையும். குழந்தைகளுக்குக் குறைக்க மாட்டார். பெறுபவருக்குப் பற்று, தருபவருக்கு வரவு. பற்று என் பெயரில் ஏறிவிட்டது. எதைக் கொண்டு நேர் செய்வது? தெரியவில்லை. கல்லூரியிலும் என் கணக்கு டேலி ஆனதாகச் சரித்திரம் இல்லை.

சாப்பிட்டு முடித்தபோது ஒரு துண்டு மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. பக்கத்து ஸீட்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டுமே என்று குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.